நங்கூரம் டாவெர்னின் மிளகுத்தண்ணி

கிரேஸ் அக்காவுக்கு மட்டுமல்லாமல் எனக்கும் சேர்த்து வாய்த்த என் செல்லத்துரை அத்தானுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. கல்லறையில் பூ வைக்க வரும்போதெல்லாம் அக்கா பக்கத்தில் நிற்பாள். அவள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். நம் சபைப் பத்திரிகையில் போடுவதாகப் பாஸ்டர் ஐயா சொல்லியிருக்கிறார். போடட்டும். நேரில் கேட்காத மன்னிப்பை நாலு பேர் அறியக் கேட்பதுதான் முறை.

உங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பம்பாய்க் கோட்டைப் பக்கம், துறைமுகத்துக்கு அருகில் இருந்த 'நங்கூரம்' டாவெர்னில் சமையல்காரர். கப்பல் அதிகாரிகளும் வெள்ளைக்காரத் துரைமார்களும் குடித்துச் சாப்பிட்ட பழைய இடம். துரைமார் கப்பலேறினார்கள், பிறகு மதுவிலக்கு வந்தது, டாவெர்னைப் பூட்டினார்கள். செம்பூரில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் அண்டா அண்டாவாகப் பருப்பு வேகவைக்கப் போனீர்கள். பதினைந்து வருடமாக அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அப்புறம்தான் எங்கள் ஆபீஸ் சேட் அந்தக் கட்டடத்தை வாங்கினார். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே சாப்பிட்டவராம். மதுக் கவுன்டர், தேக்கு நாற்காலிகள், வாசலில் தொங்கிய நங்கூரம், எல்லாவற்றையும் பழையபடி செய்து அதை ரெஸ்டாரன்டாகத் திறக்கப் போவதாகச் சொன்னார். பாட்டில்களில் மட்டும் ராஸ்பெர்ரி சோடா. சாப்பாடு அந்தக் காலத்துச் சாப்பாடு. "பழைய ஆள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?" என்று அவர் கேட்டபோது, டைப் அடித்துக்கொண்டிருந்த நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

சேட் தாராவிக்கு நம் வீட்டுக்கே வந்தார். நீங்கள் மிளகுத்தண்ணி வைத்தீர்கள். கோழிச்சாறு, பருப்பு, தேங்காய்ப்பால், மேலே ஒரு கரண்டி சோறு. வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் 'முல்லிகட்டானி' ஆகிப்போன நம் மிளகுத்தண்ணி. நம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து சேட் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "வஹி ஹை! பில்குல் வஹி!" என்றார். அதே ருசி, அச்சு அசல் அதே ருசி. உங்கள் முகத்தை நான் அன்று பார்த்தேன், அத்தான். கல்யாணத்தன்றுகூட நீங்கள் அப்படிச் சிரிக்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

இனிமேல்தான் என் தப்பு.

சேட் எழுதச் சொன்ன திட்டத்தை டைப் அடித்தவன் நான். திறப்பு நாளில் சமையல்காரர் அந்தக் காலம் போலவே சிவப்புத் தலைப்பாகை, இடுப்பில் பட்டுக்கச்சை, வெறுங்காலோடு, சூப் பாத்திரத்தைத் தானே ஏந்தி விருந்தாளிகள் நடுவே வரவேண்டும் என்று அதில் இருந்தது. "உன் அத்தான் சம்மதிப்பாரா?" என்று சேட் கேட்டார். "சம்மதிப்பார்" என்றேன். உங்களிடம் கேட்கவே இல்லை. கேட்டால் மாட்டேன் என்பீர்களோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அப்படியானால் பதில் எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஹால் நிறைய ஆட்கள். நான் உடுப்பை நீட்டினேன். நீங்கள் அதைத் தொடவில்லை.

"இது யாருக்கு மாப்ளே?"

"உங்களுக்குத்தான் அத்தான். இன்னைக்கு ஒரு நாள் மட்டும். நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்த?"

அதற்குள் சேட்டும் அடுக்களைக்குள் வந்துவிட்டார். நீங்கள் சத்தம் போடவில்லை. இந்தியில் நிதானமாகச் சொன்னீர்கள்: "சேட், சாப்பாடு பழைய மாதிரி வேணுமா, தருகிறேன். நான் பழைய மாதிரி வேணுமென்றால், அது கிடையாது."

என் பக்கம் திரும்பி, "நீ வாக்குக் கொடுத்தேல்லா? நீயே கட்டிக்கோ" என்றீர்கள். சூப்பைப் பாத்திரத்தில் ஊற்றினீர்கள். கோழிக்கறி, கட்லட், புட்டிங் எதையும் பாதியில் விடாமல் முடித்துக்கொடுத்தீர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போடும் கறுப்பு ஷூவோடு ஹாலைக் கடந்து முன்வாசல் வழியாகவே வெளியே போனீர்கள்.

நான் கட்டிக்கொண்டேன், அத்தான். வேலை போய்விடுமோ என்ற பயம். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் போனேன். பளிங்குத் தரை சில்லென்றிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். ஒரு அம்மாள் தலைப்பாகையின் குஞ்சத்தைத் தொட்டுப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரம் கனத்தது, என் கால் விரல்களைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

சாயந்தரம் நான் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை. அக்காதான் கதவைத் திறந்தாள். "ஏல, அவரு வலது கால் விரல் ஒட்டியிருக்கே, அது எப்படின்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். ஊரிலிருந்து நான் பம்பாய் வருவதற்கு முந்தைய கதை அது. டாவெர்னில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் கொதிக்கும் சூப் வெறுங்காலில் கொட்டி, அந்தக் காலோடே நீங்கள் கடைசி மேசைவரை பரிமாறியிருக்கிறீர்கள். "ஒரு மாசம் நடக்கல. என்னத் தவிர யார்ட்டயும் சொல்லல" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். என்ன திட்டுவீர்களோ என்று சுவரோரம் நின்றேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டீர்கள்:

"சூப்பு சூடாப் போய்ச் சேந்துச்சா மாப்ளே?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. மன்னித்துவிட்டீர்களா, மறந்துவிட்டீர்களா, இல்லை எனக்காக விட்டுக்கொடுத்தீர்களா? இப்போது யாரிடம் கேட்பேன்?

சேட் உங்களுக்குப் பதிலாக ஓட்டல் சமையல்காரர்கள் இரண்டு பேரை வைத்துப் பார்த்தார். சூப் கிண்ணங்கள் பாதிக்கு மேல் மிஞ்சித் திரும்பி வந்தன. மறு வாரமே அவர் கார் தாராவி மெயின் ரோட்டில் வந்து நின்றது. நீங்கள் கேட்டது இரண்டே இரண்டு. அடுக்களையிலும் ஹாலிலும் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் ஷூ. "அப்புறம் என் வீட்டுக்காரி ஒரு நாள் அந்த ஹால்ல உக்காந்து சாப்பிடணும்."

அக்கா நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சேட்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். நீங்கள் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அக்கா மிளகுத்தண்ணியை இரண்டு கரண்டி குடித்துவிட்டு ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "என்னங்க, உப்பு கம்மியா இருக்கே!" என்றாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

நாலு வருடம் அந்த அடுப்பை ஆண்டீர்கள். பிறகு ஒரு காலையில் டீ கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டீர்கள்.

இனி நடப்புச் செய்தி. ரெஸ்டாரன்ட் நடக்கிறது. உங்கள் கீழ் வேலை செய்த மராட்டிக்காரர் பாண்டுரங்தான் இப்போது சமைக்கிறார். துரைமார் காலத்து 'கன்ட்ரி கேப்டன்' கோழிக்கறி உங்களுடையது மாதிரியே இருக்கிறதாம், மிளகுத்தண்ணிதான் பிடிபடவில்லை. போன வாரம் சேட் என் மேசைக்கு வந்தார். "உன் அக்கா வந்து சொல்லிக்கொடுப்பார்களா? நீ சொன்னால் கேட்பார்கள்" என்றார். வாய் வரைக்கும் 'சரி' வந்துவிட்டது, அத்தான். விழுங்கிவிட்டு, "அவங்களையே கேளுங்க, சேட்" என்றேன்.

அவர் வந்து கேட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த பிறகுதான் அக்கா பதில் சொன்னாள்: "அடுப்புல நிக்க மாட்டேன். உக்காந்து ருசி பாத்துச் சொல்லுதேன். நாற்காலி ஹால்லதான் கிடக்கணும்." சேட்டிடம் அதை நான் ஒரு எழுத்து மாற்றாமல் டைப் அடித்துக் கொடுத்தேன். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நாளைக்கு முதல் நாள். தாதர் வரை அவளோடு நானும் பஸ்ஸில் போகிறேன். அதற்கு மேல் வரவேண்டாம், தனியாகவே போய்க்கொள்கிறேன் என்கிறாள். சரி என்றுவிட்டேன். இனி அவளுக்காக நான் யாருக்கும் தலையாட்ட மாட்டேன், அத்தான். கேட்டுத்தான் சொல்வேன். உங்களுக்கு இது என் வாக்கு.

உங்களைக் கேட்காமலே உங்களை நேசித்த,
உங்கள் மைத்துனன்
ஞானம்