பின்கதவுச் சாவி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். போன மாதம் நீ எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்க மாமாவின் முழங்கால். முழங்காலை நான் தனியாக விசாரித்துக்கொள்கிறேன், நீ உன்னைப் பற்றி எழுது. போனில் பேசலாமென்றால் மூன்றாவது வார்த்தையிலேயே அழுதுவிடுகிறாய். எழுதும்போதுதான் நீ பழைய ஆளாக இருக்கிறாய்.

கண்ணாடிக் கடை வேலை வழக்கம்போலத்தான். வருகிறவர்களை உட்காரவைத்து "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக் கேட்டு என் கண் பூத்துப்போயிற்று. ஒரு கூத்தைக் கேள். இந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நம் பழைய பேட்டையைச் சுற்றிக்காட்ட ஒரு பெண் கூட்டம் சேர்த்துக்கொண்டு போகிறாளாம். எங்கள் கடை விற்பனைப் பெண், "நீங்க பொறந்து வளர்ந்த எடம்தானே, துணைக்கு வாங்களேன்" என்று நச்சரிக்கிறாள். நம் தெருவை நமக்கே காட்ட ஆள் வந்தாயிற்று!

தையல் கம்பெனி வாசலிலும் நிற்பார்களாம். அதனால்தான் முதலில் மாட்டேன் என்றேன். அப்புறம் யோசித்தேன். அங்கே காவலாளியாக இருந்து, பின்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனவர் அப்பா. தீப்பிடித்துப் பதினொரு பெண்கள் உள்ளே வெந்தார்கள். முப்பத்தோரு வருஷமாக அந்தத் தெருவில் கால் வைக்காமல் ஒளிவது நானா? பேர் கொடுத்துவிட்டேன்.

உன்
வாலு

மார்ச் 15

என் வாலுக்குட்டிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. போகாதே. சொன்னால் கேள். அந்தத் தெருவில் நமக்கு என்ன வைத்திருக்கிறது? ஆறின புண்ணை யாராவது சொறிவார்களா? அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணோடு சினிமாவுக்குப் போ, கடைத்தெருவுக்குப் போ.

அப்பாவைப் பற்றி அப்படி எழுதாதே. போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. அவரை விட்டுவிடு.

நான் எது சொன்னாலும் எதிர்ப்பக்கம் ஓடுவதுதான் உன் வழக்கம். இந்த ஒரு தடவை அக்கா பேச்சைக் கேள். போகமாட்டேன் என்று ஒரு வரி எழுது. அது வந்தால்தான் எனக்குத் தூக்கம்.

உன்
அக்கா

மார்ச் 30

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் போய்விட்டு வந்துவிட்டேன்.

பதினெட்டுப் பேர். வழிகாட்டிப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. நாம் பல் தேய்த்த தெருக்குழாயை எல்லாரும் படம் எடுத்தார்கள். நம் வீடு இப்போது முடிவெட்டும் கடை. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்து செத்த மூலையில் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தான். சிரிப்புத்தான் வந்தது. அதுவரை நன்றாகத்தான் இருந்தேன்.

கம்பெனி வாசலில் அந்தப் பெண் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டாள். இறந்தவர்களின் பெயர்களைச் சும்மா வாயால் படித்தாள். அப்புறம், "காவலாளிதான் சாவியை எடுத்துட்டுப் போனார்னு தீர்ப்பு. ஆனா போன வருஷம் உள்ளே இடிச்சுக் கட்டினப்போ, ஆபீஸ் அலமாரிக்குப் பின்னாடி இது கிடைச்சுது" என்று ஒரு தாளின் நகலைக் கையில் கொடுத்தாள். கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது.

"வேலை நேரத்தில் பின்கதவு பூட்டியே இருக்க வேண்டும். சாவி அலுவலகத்தில் இருக்கும். காவலாளியிடம் தரப்படாது. முதலாளி உத்தரவு."

தேதி, தீக்கு மூன்று வாரம் முன்பு. "இது யார் கையெழுத்துன்னு தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க" என்றாள்.

அக்கா, 'ரு'வின் வாலை இரண்டு சுற்றுச் சுற்றி விடுகிறவளை எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும். அந்தக் கையெழுத்தை முப்பது வருஷமாக வரி வரியாகப் படித்திருக்கிறேன். நீ அங்கே எழுத்தராக இருந்தாய். தாளை அடுத்தவரிடம் நீட்டிவிட்டேன்.

சாவி யாரிடம் இருந்தது?

வாலு

ஏப்ரல் 19

என் கண்ணே,

ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. துணி திருட்டுப் போகிறதென்று முதலாளி வாயால் சொன்னார், நான் எழுதிப் பலகையில் ஒட்டினேன். மத்தியானம் புகை வந்ததும் முன்வாசல் வழியாக ஓடிவிட்டேன். தெருவுக்கு வந்து மூச்சு வாங்கியபோதுதான் சாவி ஞாபகம் வந்தது. அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சாவி எங்கம்மா? சாவி எங்க?" அலுவலகப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் உள்ளே ஓடினார். புகையில் அலுவலகம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. பின்பக்கம் சுற்றிப்போய் அந்த இரும்புக் கதவை வெறுங்கையால் இழுத்துப் பார்த்தார். அவர் கை வெந்தது அப்படித்தான். டீ குடிக்கப் போனதெல்லாம் போலீசில் அவரே சொன்ன கதை.

ஆஸ்பத்திரியில், "சாவி என்கிட்டதான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். நீ வாயைத் திறக்காத. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா சின்னவள யாரு பாப்பா?" என்றார். பலகையில் ஒட்டியதைத் தீ தின்றுவிட்டது. அலுவலகத்தில் ஒரு நகல் இருந்ததை நான் மறந்தே போனேன். கோர்ட்டில் முதலாளி அப்படி ஓர் உத்தரவே இல்லை என்றார். என்னைக் கேட்டார்கள். நானும் இல்லை என்றேன்.

உன்னைப் பார்க்கத்தான் என்னை வெளியே விட்டார். நான் உன்னை அத்தை வீட்டில் தள்ளிவிட்டு, வந்த சம்பந்தத்தைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிவிட்டேன். அங்கே இருந்தால் ஒரு நாள் உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று பயம். மாமாவுக்குக்கூடத் தெரியாது.

என்னைத் திட்டு. ஆனால் எழுது. நீ எழுதாமல் இருந்துவிடாதே.

உன்
அக்கா

மே 11

அக்காவுக்கு,

விடுதலையாகி வந்த வருஷம் அப்பா ஒரு தடவை கடைக்கு வந்தார். உனக்குச் சொன்னதில்லை. படிக்கக் கண்ணாடி வேண்டுமாம். ஊரில் எத்தனை கடை இருக்க, என் கடை. நான் பின்னறைக்குப் போய் லென்ஸ் தீட்டும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டேன். வேறொருத்திதான் அவருக்குப் பார்த்தாள். "பாவம், படிக்கிற அட்டையப் பிடிக்கக்கூட வெரல் மடங்கல" என்று வந்து சொன்னாள். நல்லா வேணும் என்று நினைத்தேன். அக்கா, வாய்விட்டே சொன்னேன். முதியோர் இல்லத்திலிருந்து ஆள் அனுப்பியபோதும் போகவில்லை. அவரைக் கடைசியாக நான் பார்த்தது அந்தப் பின்னறைக் கதவிடுக்கு வழியாகத்தான்.

போன சனிக்கிழமை மறுபடி போனேன். அன்று இறந்தவர்களின் வீட்டாரையும் அந்தப் பெண் அழைத்திருந்தாள். கம்பெனி வாசலில் தாளை எடுத்ததும், "இது எங்க அக்கா எழுதினது. சாவி எங்க அப்பாகிட்ட இல்ல" என்றேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷினில் இருந்த பெண்ணின் புருஷன். கல்யாணமாகி அப்போது ஏழு மாசமாம். "தெனம் காலையில எழுந்ததும் உங்க அப்பாவுக்கு ஒரு சாபம் குடுத்துட்டுதாம்மா பல்லே வெளக்குவேன். அவரு செத்தப்புறமும் விடல. இப்ப நான் என்ன பண்றது?" என்றார். இரண்டு பேரும் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம்.

எழுந்தபோது உன் விலாசம் கேட்டார். கொடுத்தேன்.

அவரிடமிருந்து உனக்குக் கடிதம் வரும். கண் சரியாகத் தெரியாதவர், எழுத்துக் கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி. கேட்டதற்கெல்லாம் பதில் எழுது, எதையும் விடாமல்.

எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை