நைனா கேட்ட பெரிய கண்ணாடி

என் உயிரான நைனாவுக்கு,

எழுதி என்ன ஆகப்போகிறது என்று அம்மா கேட்கிறாள். ஒன்றும் ஆகாதுதான். ஆபீசுக்குப் போகிறேன், வருகிறேன். மாம்பழ சீசன் முடிந்துபோனதால் கூழ் ஃபாக்டரியில் டின் கணக்கு எழுதுவதோடு என் வேலை தீர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் ஹாலில் உன் கம்ப்யூட்டர் என் பழைய துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டாமல் சமையலறைக்குப் போக வழியில்லை. அந்த மாதிரிக் கட்டித் தொலைத்திருக்கிறான் மேஸ்திரி இந்த வீட்டை.

நேற்று திருப்பதி கம்ப்யூட்டர் கடையிலிருந்து சீனு போன் செய்தார். நமக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பார்ட் பார்ட்டாகப் பூட்டிக் கொடுத்த அதே சீனுதான். "கம்ப்யூட்டர்ல போடற ராம் ரேட்டெல்லாம் பைக்கி போயிந்தி மேடம், மேல ஏறிப்போச்சு. ஏஐ கம்பெனிக்காரங்களே அள்ளிக்கினு போறாங்க. இப்ப குடுத்தீங்கன்னா நீங்க வாங்கின ரேட்டுக்கு மேலயே நான் எடுத்துக்கறேன்" என்றார். இனிமேல் போன் பண்ணாதீங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், அந்த மனுஷன் நல்லதுக்குத்தான் சொன்னார். இப்போதெல்லாம் எனக்கு யாரிடமும் பொறுமையாகப் பேச வரவில்லை.

உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன், கேள். சொல்லி முடித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் போலிருக்கிறது.

காலம் பூராவும் பஸ் ஓட்டினாய். முதலில் சித்தூர் திருப்பதி, அப்புறம் திருமலைக்கு மலைப்பாதை. உன் இடது பக்கம் இன்ஜின் மூடி அடுப்பு மாதிரி காயும். சர்க்கரையால் மரத்துப்போன கால் அதன் மேல் சாய்ந்திருந்ததும் வெந்துபோனதும் உனக்குத் தெரியவே இல்லை. பாதி மலையில் வாடை வந்துதான் குனிந்து பார்த்திருக்கிறாய். அப்போதும் நிறுத்தவில்லை. மேலே ஸ்டாண்டில் கடைசி ஆள் இறங்கின பிறகுதான் கீழே உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரியில் நான் கத்தினேன். "அத்தினி பேர நடுவழில உட்டுட்டு எங்கம்மா போறது? அப்படி உட்டவன் டிரைவரே இல்ல" என்றாய். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வேலையும் போயிற்று.

அதற்கப்புறம் கண். திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, சர்க்கரை கண்ணையும் பிடித்துவிட்டது, பார்வை இன்னும் எத்தனை நாளைக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும்போது டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாய். அவர் பிரேக் போட வேண்டிய இடத்திலெல்லாம் உன் வலது கால் பஸ் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில், "கண்ணு போறதுக்குள்ள மலைரோட்ல இன்னொரு தபா ஓட்டிட்டா போதும்மா" என்றாய். ஒற்றைக் கால் டிரைவருக்கு யார் பஸ் கொடுப்பார்கள்?

ஆபீசில் ஒருத்தி, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டீரிங் மாட்டி பஸ் ஓட்டுகிற கேமை போனில் காட்டினாள். அதை உனக்குக் காட்டினேன். போனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாய். "இது நம்மூட்ல வெச்சிக்கலாமா?" என்று நீ கேட்ட குரலுக்காகத்தான் நைனா எல்லாம்.

எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் டின் கணக்கு போடுவது மட்டும்தான். ப்ராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று சீனு அடுக்கினபோது தலை சுற்றியது. நம் பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு, "இதுக்குள்ள அடங்கணும்னா எதையாவது கொறைக்கணும். எதுல கொறைக்கட்டும், நீங்களே செப்பண்டி" என்றார். நீதான் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டாயே. கலர் விளக்கு வைத்த கேபினெட்டைக் காட்டினதற்கு, "இன்னாப்பா இது, கல்யாண வண்டியா? விளக்க எடுத்துட்டு காத்துக்கு ஃபேன் போடு. மலை ஏறும்போது சூடானா நடுவுல நின்னுக்கும்" என்றாய். ராமைக் கையில் வாங்கி, இத்தனூண்டு பட்டைக்கா இந்த விலை என்று சிரித்தாய். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் மட்டும் மட்டமாக வேண்டாம் என்று அவர் சொன்னபோது, பேட்டரி விஷயத்தில் பட்டவன் நான், எனக்கே சொல்றியா என்றாய். கடையில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னை அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது.

சண்டை வந்தது மானிட்டரில்தான். சின்ன மானிட்டர் போதும், மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் ரோடு தெளிவாகவும் தடங்கலில்லாமலும் ஓடும் என்றார் சீனு. நானும் அவர் பக்கம். நீ கேட்கவே இல்லை. "பஸ்ஸுக்கு முன்கண்ணாடி பெருசா இருக்கணும்மா. எனக்குப் பெரிய கண்ணாடி வேணும், அவ்ளோதான்." கிழவனுக்குப் பிடிவாதம் என்று நினைத்தேன். அங்கேயே பெரிய மானிட்டர் வாங்கி, கார்டை ஒரு படி இறக்கினோம். உனக்கு ஏன் பெரிய கண்ணாடி வேண்டியிருந்தது என்று அப்போது நான் யோசித்தேனா? கடையில் இருந்த யாராவதுதான் யோசித்தார்களா?

சீனு வந்து பூட்டிக் கொடுத்த அன்று அம்மா கேபினெட்டுக்குப் பொட்டு வைத்து, ஸ்டீரிங்குக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். கிளட்சுக்குக் கால் இல்லாததால் கேமில் கியர் தானாக விழும்படி வைத்துக் கொடுத்தார் சீனு. "கிளச்சு இல்லாத வண்டி இன்னா வண்டி, ஸ்கூட்டி மாதிரி" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாய். ஏதோ ஒரு தேசத்துக்காரன் செய்துவைத்த மலைப்பாதை. ஒரு கோபுரம் இல்லை, டீக்கடை இல்லை, ரோட்டோரத்தில் ஒரு குரங்கு கூட இல்லை என்று குறை சொன்னாய். முதல் வளைவில் ஸ்டீரிங்கைச் சுற்றினாய் பார், அந்தக் கை. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச தூரம் போய் நிறுத்தினாய். "சைடு மிரர் மங்கலா கீதும்மா" என்றாய்.

நானும் பார்த்தேன். கார்டு சின்னது என்பதால் மிரருக்குள் படம் உண்மையிலேயே கொஞ்சம் மங்கல்தான். கண்ணாக இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்தேன். இல்லை, கார்டுதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கார்டை மாற்றலாம் அல்லவா? மறுநாளே லீவு போட்டு, சீனு போனில் சொன்னபடி அதைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். சீனு பழையதை எடுத்துக்கொண்டு, மேலே கொஞ்சம் வாங்கிக்கொண்டு, நல்ல கார்டாகக் கொடுத்தார். எப்படி மாட்டுவது என்று கற்றுக்கொண்டு வந்து நானே மாட்டினேன். மிரர் பளிச்சென்று ஆயிற்று. பின்னால் வருகிற வண்டியின் விளக்கு கூடத் தெரிந்தது. "இப்போ எப்படி நைனா?" என்றேன். "ஆங், இப்ப ஜோரா கீது" என்றாய். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் வேறு எந்த நாளிலும் இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். நீ ஓட்டிக்கொண்டிருந்தாய், நான் உள்ளே மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டம்ளரோடு வந்தால், மானிட்டர் இருட்டாகக் கிடக்கிறது. நீ ஸ்டீரிங் சுற்றுகிற வேகத்தில் மேஜை ஆடி, பின்னால் கேபிள் கழன்றுவிட்டிருக்கிறது. ஸ்பீக்கரில் இன்ஜின் உறுமுகிறது. நீ நிமிர்ந்து உட்கார்ந்து, கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு, ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருக்கிறாய். என் காலடிச் சத்தம் கேட்டதும் தலையை மிரர் பக்கம் சாய்த்துச் சொன்னாய்.

"காசு போனாலும் நீ நல்ல வேலை பண்ணினேம்மா. பின்னாடி வர்ற லாரி நம்பரு கூடத் தெரியுது."

நைனா, அந்த நிமிஷத்திலேயே நான் செத்துப் போயிருக்கலாம்.

எப்போதிலிருந்து தெரியவில்லை உனக்கு? கார்டு மாற்றின அன்றேவா? கடையில் ராமைக் கையில் வாங்கிப் பார்த்தாயே, அப்போதே பாதி போயிருந்ததா? எனக்காகச் சிரித்தாய், எனக்காக ஜோர் என்றாய். உன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு லாரி நம்பர் படிக்கிறாராம், லாரி நம்பர்.

டம்ளரை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் மானிட்டருக்குப் பின்னால் குனிந்து கேபிளைச் செருகினேன். படம் வந்தது. பஸ் ஒரு வளைவில் மலைச்சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு, ரோட்டுக்குக் குறுக்கே நின்று உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேபிள் செருகின சின்னச் சத்தத்தில் உன் கை அப்படியே நின்றது. கண் போனால் என்ன, காது இருந்ததே உனக்கு.

"வயரு கழண்டுக்கினு கெடந்துச்சா?" என்றாய்.

"ஆமா நைனா."

"எப்போலேர்ந்து?"

"தெரில நைனா. நான் உள்ள இருந்தேன்."

மெதுவாக ஹேண்ட் பிரேக் பட்டனைத் தடவிப் பார்த்துப் போட்டாய். "ஓரமாத்தான் நிக்குதா?"

"ஓரமாத்தான் நிக்குது."

"உள்ள ஜனம் கீதா?"

"இருக்காங்க நைனா."

"சரி. அப்பால ஓட்டிக்கலாம். மோரு குடு."

அந்த நாற்காலியில் நீ மறுபடி உட்காரவே இல்லை. காலையில் நாஷ்டா தின்றுவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாய். தெருவில் போகிற வண்டிகளைச் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி என்று அம்மாவுக்குச் சொல்வாய். அதையும் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டாய். சிறுநீரகம் போய்விட்டது, அதனால்தான் நீ போனாய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் அப்படி எழுதட்டும். எனக்கு என்னவோ நீ அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியை விட்டு இறங்கிவிட்டாய் என்றுதான் படுகிறது. ஐப்பசி மழை கொட்டின நாளில் உன்னை எடுத்துக்கொண்டு போனோம். விஜயபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்த பஸ் சேற்றில் சிக்கி, அவர்களால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ ஓட்டியிருந்தால் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருப்பாய் என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள்.

கண் போகிறதுக்குள் ஒரு தடவை. அவ்வளவுதானே கேட்டாய். எந்தப் பார்ட் பெரிதாக வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று அத்தனை கணக்கு போட்டோமே, குறைந்துகொண்டே இருந்தது எது என்று மட்டும் பார்க்காமல் போய்விட்டோம். வித்துத் தொலை, கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஏன் வதைபடுகிறாய் என்கிறாள் அம்மா. அவள் சொல்வதும் நியாயம்தான். ஒரு நாள் துப்பட்டாவை எடுத்துவிட்டு ஸ்டீரிங் மேல் கை வைத்துப் பார்த்தேன். நீ பிடிக்கிற இடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது. ஸ்விட்ச் போடாமலே எழுந்து வந்துவிட்டேன். இது சரியாகிவிடும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள்.

ஆனால் ஒன்று தெரியுமா? அந்தக் கேம் விட்ட இடத்தை அப்படியே வைத்திருக்குமாம். பூட்டிக் கொடுத்த அன்றே சீனு சொன்னார். அப்படியென்றால் உன் பஸ் இன்னும் அந்த வளைவில்தான் நிற்கிறது, உள்ளே ஜனத்தோடு. பொம்மை ஜனம்தான். இருந்தாலும் நடுவழியில் நிற்கிறார்களே என்று படுத்தால் தூக்கம் வருவதில்லை. நீ அப்படி விட்டவன் இல்லை என்று ஊருக்கே தெரியும்.

ஓரமாக நிற்கிறது என்று நான் சொன்னது பொய் நைனா. நீ லாரி நம்பர் சொன்னாய், நான் ஓரம் என்றேன், சரிக்குச் சரியாகப் போயிற்று. எனக்கு ஸ்கூட்டி தவிர எதுவும் ஓட்ட வராது. ஆனாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்காரப் போகிறேன். ரிவர்ஸ் எடுப்பேன், எத்தனை தடவை இடித்தாலும் எடுப்பேன். நேராக்கி, கடைசி ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய், அவர்கள் எல்லாரையும் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உனக்குச் சொல்கிறேன். அதற்கு மேல் என்னிடம் வேறெதையும் எதிர்பார்க்காதே.

உன் பஸ்ஸில் எப்போதும் முன்சீட்டில் உட்கார்ந்து வந்த
உன் மகள் மஞ்சுளா