இறுதிநிலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை, இன்று அந்த வரியை விட்டுவிட்டுத் தொடங்குகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நானும் வழக்கம்போல் தலையாட்டிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு வலி கூடிவிட்டது. பால்கூட இரண்டு மடக்குக்கு மேல் இறங்குவதில்லை. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. நேற்று ஊசி போட நரம்பு கிடைக்காமல் நர்ஸ் திணறிக்கொண்டிருந்தாள். "நிதானமா தேடும்மா, எனக்கென்ன ஆபீசுக்கா நேரமாச்சு" என்று அவளுக்கு ஆறுதல் சொல்கிறாள் அம்மா. அந்தப் பெண் வெளியே போய் அழுததை நான் பார்த்தேன்.

என் விடுப்பு தீர்ந்துவிட்டது. காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. இந்த வருடமும் முதலாண்டுப் பொருளியல் என் தலையில்தான். இந்த வாரம் இறுதிநிலைப் பயன்பாடு நடத்தினேன். தாகத்தில் வருபவனுக்கு முதல் டம்ளர் தண்ணீர் அமிர்தம், நான்காவது குமட்டும். இன்னும் ஒரு டம்ளர் கொடுத்தால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதுதான் இறுதிநிலை. வருடம் தவறாமல் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது, "மிஸ், இறுதிநிலைன்னா ஐ.சி.யூ.வா?" என்று கேட்பார்கள். வகுப்பே சிரிக்கும். "முடிவுன்னு அர்த்தம் இல்லப்பா, இன்னும் ஒண்ணு சேர்ந்தா என்ன ஆகும்ங்கறதுதான்" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். இந்த வருடமும் ஒரு பெண் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பாடம் அம்மாவுக்கும் மனப்பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சமையலறையில் நின்று நான் ஒத்திகை பார்ப்பேன், அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். அதுதான் வினையாகிவிட்டது. போன வாரம் டாக்டர் அவள் எதிரிலேயே, "நோய் இறுதிநிலைக்கு வந்துடுச்சு" என்றார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என் பக்கம் திரும்பி, "உன் பாடம்தானே இது? அப்ப இன்னும் ஒண்ணு இருக்குன்னு சொல்றாரு" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. ஆமாம் என்று சொன்னது நான்தான்.

அன்றிலிருந்து, இன்னும் ஒரு தடவை கீமோ மருந்து ஏற்றினால் எழுந்துவிடுவேன் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நிஜமாகவே நம்புகிறாளா, என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாளா, தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். இன்னும் ஒரு தடவை ஏற்றலாம், சில வாரங்கள் கூடலாம், அந்த வாரங்களும் வாந்தியிலும் மயக்கத்திலும்தான் போகும் என்றார். இல்லையென்றால் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். உன்னிடம் சொன்னேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப விட்டா, அம்மா பட்டதெல்லாம் வீண்தானே" என்றாய்.

அக்கா, மூழ்கிய செலவு என்று ஒரு பாடம் உண்டு. டிக்கெட் வாங்கிப் போன படம் சகிக்கவில்லை, பாதியில் எழுந்து வருவாயா என்று தேர்வில் கேட்பேன். வாங்கியாச்சே, உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்று பாதிப் பேர் எழுதுவார்கள். போனது போனதுதான், இனி வருவதை மட்டும் பார் என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். நீ சொன்னதும் அதே விடைதான். ஆனால் உன்னைத் திருத்த எனக்கு என்ன தகுதி? சினிமாவுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அம்மா ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டதை, போனது போனதுதான் என்று எப்படி எழுதுவது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். நான் படித்த படிப்பு அந்தச் சாணைத்தான் அளக்கச் சொல்கிறது. அளந்தேன். அதில் அம்மாவுக்கு வலியைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய், எனக்கும் உன்னை மீறத் தெரியாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். உன் அறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும். உன் அலமாரியை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. உடம்பு தேறியதும் அடுத்த மருந்து என்றுதான் நினைக்கிறாள். எப்போது என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அக்கா வந்ததும் என்று. "அவளுக்கு லீவு கிடைக்கணுமே" என்று அதற்கும் கவலைப்படுகிறாள்.

எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ நம்பிக்கை எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாதே, இங்கே அது இல்லை.

என்மேல் கோபம் வந்திருக்கும். கடிதத்திலோ போனிலோ அதைக் காட்டாதே. என்னைத் திட்டுவதற்காகவாவது நேரில் வா. அந்த அறைக்குள் நின்று, அம்மா காதில் விழும்படி சத்தமாகத் திட்டு. நான் எதிர்த்துப் பேசுகிறேன். சண்டை போடாதீங்கடி என்று நம் இருவரையும் அதட்ட இன்னும் அவளுக்குக் குரல் இருக்கிறது.

உன் தங்கை