லிஃப்ட் திறந்த கதை

என் மல்லிகாக்கா,

நீ கண்ணை மூடி ரெண்டு மழைக்காலம் ஆச்சு. காலையில வேலைக்குப் பாணேர் போற பஸ்ல ஏறினா, பக்கத்துல நீ இருக்கிற நினைப்புலயே இன்னமும் தள்ளி உட்கார்றேன்.

நாம வீட்டுவேலை பார்த்த அந்த அடுக்குமாடியில, வேலைக்காரங்க லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு திடீர்னு போர்டு மாட்டினாங்களே. நம்ம ராதா வயித்துல பிள்ளையோட ஏழாவது மாடிக்குப் படியேறினா. செக்ரட்டரி கோயம்புத்தூர்க்காரர், நம்ம பாஷைல சொன்னா கேட்பார்னு நீ போய்ப் பேசினே. "சொசைட்டி ரூலும்மா, நான் என்ன பண்றது?" என்றார். நீ குரலை உயர்த்தினே. மறுநாளே சண்டைக்காரின்னு உன்னை கேட்டுலயே நிறுத்திட்டாங்க.

ராதா புருஷன் வந்து அந்த கேட் வாட்ச்மேனோட சட்டையைப் பிடிச்சதும் நீதான் விலக்கிவிட்டே. "அந்த ஆளும் நம்மள மாதிரி சம்பளத்துக்கு நிக்கிறவர். அவரை அடிச்சா லிஃப்ட் திறக்குமா?"

அன்னிக்கு சாயங்காலமே நாம குடியிருக்கிற கட்கி பஸ்தியில, அந்தக் குடிசைச் சந்துகள்ல வீடு வீடாப் போனே. மராத்திக்காரங்க, தெலுங்குக்காரங்க, நம்மாளுங்க, ஒருத்தர் பாக்கியில்லாம வேலைக்குப் போறதை நிறுத்தினோம். பாத்திரம் குவிஞ்சதும் அடுக்குமாடிக்காரங்களே பேசக் கூப்பிட்டாங்க.

"இதை அமைதியாவே கேட்டிருக்கலாமே?" என்றார் செக்ரட்டரி.

"கேட்டேன் சார். தனியா வந்தப்ப சண்டைன்னீங்க. எல்லாரும் வந்ததும் பேச்சுவார்த்தைங்கறீங்க"ன்னு சொன்னே நீ.

போர்டு இறங்கிச்சு. உன்னையும் உள்ளே விட்டாங்க. ராதா பொண்ணு இப்போ பள்ளிக்கூடம் போறா, தெரியுமா?

ஆனா அக்கா, இப்போ வேற சண்டை. மழையில்லாத ஊர்கள்லேர்ந்து புதுசா பெண்கள் வேலை தேடி வர்றாங்க. நம்ம பெண்களே அவங்களை கேட்டுல மறிக்கிறாங்க. "நம்ம வேலையைப் பறிக்க வந்தவளுங்க." நாலு பேர் சேர்ந்து பலம் வந்ததும் நமக்கும் இப்படியா ஆகணும்? நீ இருந்தா என்ன சொல்லியிருப்பே?

போன ஞாயித்துக்கிழமை அந்தப் புதுப் பெண்களை, லிஃப்ட் சண்டையிலேர்ந்து நாம கூடுற கூட்டத்துக்கு அழைச்சேன். சிலர் கோவிச்சுக்கிட்டு எழுந்து போனாங்க. மத்தவங்க இருந்தாங்க. சங்கீதான்னு ஒருத்தி, தண்ணியில்லாம ஊரைவிட்டு வந்ததை மராத்தியில மூச்சுவிடாம சொன்னா. முடிச்சதும் ராதா அவகிட்ட, "நாளைக்கு என்கூட வா, ஒரு வீட்ல ஆள் கேட்டாங்க" என்றா. எனக்குக் கண் நிறைஞ்சுபோச்சு.

எழுந்து போனவங்க வீட்டுக்கும் போவேன், அக்கா. கதவைச் சாத்தினா மறுபடியும் போவேன். நம்ம கை ஓங்கியிருக்கிற இடத்துல எந்தப் பெண்ணையும் தனியா நிக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்வி