மாறிப்போன சீட்டு

கூட்டாளிக்கு,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நர்ஸம்மா எழுதித் தருகிறாள். நான் சொல்ல வந்ததைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எழுதும்மா" என்று கெஞ்சினேன்.

காலரா வருஷம். நம் பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு பேர், மீதிப் பேர் வராந்தாத் தரையில். பிழைத்து நடந்துபோனவர்கள் எத்தனையோ பேர். உன் அம்மா பிழைக்கவில்லை. துணியில் தைத்து வைத்த பிணங்களுக்குப் பெயர்ச்சீட்டு கட்டுவது என் வேலை. அன்று இரண்டு பெண்கள். சீட்டுகள் கை நழுவிக் கலந்துவிட்டன. கேட்டால், "இதுகூடப் படிக்கத் தெரியாதாய்யா?" என்பார்கள். வெட்கத்தில் குத்துமதிப்பாகக் கட்டிவிட்டேன்.

நீ ஒருத்தியைத் தூக்கிப்போய் அடக்கம் செய்தாய். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அநாதைப் பிணத்தைக் குழியில் இறக்கினோம். துணி பிரிந்து கை வெளியே வந்தது. வெந்நீர்த் தழும்புள்ள கை. எனக்குச் சோறு போட்ட கை.

"ஏண்டா, வீட்டுப் பக்கமே வர்றதில்ல?" என்று ஒருநாள் கேட்டாய். வேலை என்றேன். முப்பத்தெட்டு வருஷமாக அதே பதில்தான்.

அந்தக் குழி இருக்கும் இடத்தில் இப்போது பிரசவ வார்டு கட்டப்போகிறார்கள். திங்கட்கிழமை மண் தோண்டும் இயந்திரம் வருகிறது. மேஸ்திரியைத் தடுத்துப் பார்த்தேன்.

"பெரிசு, உங்க ஆளுங்க யாராச்சும் இங்க இருக்காங்களா?" என்றான்.

"என் கூட்டாளியோட அம்மா" என்றேன்.

"அப்ப அவர வரச் சொல்லுங்க."

கிணற்றிலிருந்து பதினாறு அடி, பின்சுவரிலிருந்து நாலடி. கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து அம்மாவை எடுத்துக்கொண்டு போ. என்னைச் செருப்பால் அடிப்பதைச் செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்.

இப்படிக்கு,
சீட்டு கட்டியவன்