வாசல் கதவில் மாட்டிய பலகை

இன்று காலை உங்கள் பலகையின் கயிறு அறுந்துவிட்டது, அக்கா. தூசி துடைக்க எடுத்தேன், கையோடு வந்துவிட்டது. ஒரு சாண் நீள மரத்துண்டு. இந்த வாரம் படிக்கட்டைக் கூட்டுவது உங்கள் முறை என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருடமாகியும் அந்தத் திடுக்கிடல் எனக்குள் அப்படியே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஸ்டுட்கார்ட்டில் பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய பிறகு, கணவரின் வேலைக்காக அமெரிக்காவில் இந்த ஃபிரிஸ்கோவுக்கு, எங்கள் எதிர்வீட்டுக்கு வந்தீர்கள். வந்த மறுநாளே மணியடித்தீர்கள். இங்கே சொல்லாமல் கொள்ளாமல் யாரும் மணியடிப்பதில்லை. நான் பதறிப்போய்க் கதவைத் திறந்து, "என்னாச்சுங்க, ஏதாவது ப்ராப்ளமா?" என்றேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. இருக்கிறீரோ எண்டு பாக்க வந்தனான்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இருக்கிறேனா என்று பார்க்க ஒரு ஆளா!

உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிராமில் ஏறியே ஊரைச் சுற்றியவர் நீங்கள். ஒருநாள் கடைக்கு நடந்தே கிளம்பியபோது மூன்று பேர் வண்டியை நிறுத்தி, கார் பழுதாகிவிட்டதா என்று கேட்டார்களாம். "இஞ்ச எல்லாரும் நல்லாச் சிரிக்கினம். அங்க ஒருத்தரும் சிரிக்க மாட்டினம். ஆனா கதவைத் தட்டுவினம்," என்றீர்கள்.

அன்றுதான் இந்தப் பலகையின் கதையைச் சொன்னீர்கள். உங்கள் அடுக்குமாடியில் வாரம் ஒரு வீடு படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். முடித்தவர் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டுவார். முதல் மாதமே கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி, மூலையில் அழுக்கு இருக்கிறது என்று உங்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். பிறகு ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டீர்கள். வாரம் முடிந்தும் பலகை உங்கள் கதவிலேயே தொங்கியது. சண்டைக்கென்று மணியடித்த அதே கிழவி, உங்கள் முகத்தைப் பார்த்ததும் இறங்கிப்போய்ச் சூப்போடு வந்தாளாம். நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது பலகையைக் கொடுத்தவளும் அவள்தான்.

"ஐயோ, போலீஸ் மாதிரி இருக்கே அக்கா! இங்க யாரும் நம்ம விஷயத்துல தலையிட மாட்டாங்க. நிம்மதி," என்றேன்.

"ஓம், ஓம். ஆனா பிள்ளை, ஏசுறதுக்கெண்டாலும் ஒருத்தி வந்து தட்டினாளே."

நமக்குக் கூட்டப் படிக்கட்டு இல்லை. அதனால் ஒரு விளையாட்டு வைத்தீர்கள். பலகை யார் வீட்டில் இருக்கிறதோ அவர் சனிக்கிழமை தேநீர் போட வேண்டும். குடித்து முடித்ததும் பலகை எதிர்வீட்டுக்குப் போகும். நாலு மாதம் அது நடந்தது. பிறகு பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, பர்த்டே பார்ட்டி என்று என் சனிக்கிழமைகள் ஓடத் தொடங்கின. ஒருநாள் நீங்கள் மணியடித்தபோது சோபா முழுக்கத் துவைத்த துணி மலையாகக் கிடந்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. வர்றதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணிடுங்களேன்."

"ஓம், அதுவும் சரிதான்," என்று திரும்பிப் போனீர்கள். பலகை உங்கள் வீட்டில் இருந்தது. அதன்பின் நீங்கள் மணியடிக்கவில்லை, ஃபோனும் செய்யவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

நாங்கள் வாசல் கதவைத் திறப்பதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பட்டனை அழுத்தினால் கராஜ் கதவு மேலே போகும், கார் உள்ளே நுழையும், கதவு இறங்கிவிடும். மணி அடித்தால்தான் வாசல் கதவு. வாரக்கணக்கில் அது பூட்டியே கிடக்கும்.

அந்த வியாழக்கிழமை மாலை மணி அடித்தது. போலீஸ்காரர். எதிர்வீட்டு அம்மாவை இந்த வாரம் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன். வெளிப்பக்கக் கைப்பிடியில் எதுவோ ஆடி, கதவில் டொக்கென்று இடித்தது.

உங்கள் பலகை.

திங்கட்கிழமை விடியற்காலை உங்கள் கணவர் வழக்கம்போல் வெளியூர் வேலைக்கு விமானம் ஏறியிருக்கிறார். செவ்வாயும் புதனும் நீங்கள் ஃபோன் எடுக்கவில்லை. கோயிலுக்கு யாருடனாவது போயிருப்பீர்கள் என்று நினைத்தாராம். என் நம்பர் அவரிடம் இல்லை. முப்பதடித் தெருவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன், என் நம்பர் அவரிடம் இல்லை! வியாழன் மாலை வந்து கதவைத் திறந்தவர்தான் உங்களைப் பார்த்தார். மாரடைப்பு, சில நிமிடங்களில் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். எல்லோரும் அதைச் சொல்லித்தான் என்னையும் தேற்றினார்கள்.

அந்தப் பலகையை எந்த நாள் மாட்டினீர்கள், அக்கா? சும்மா தேநீருக்கா, உடம்புக்கு முடியாமலா? மணியடிக்கக் கையைத் தூக்கிப் பிறகு நான் சொன்னது நினைவுக்கு வந்து திரும்பினீர்களா? நான் எத்தனை தடவை காரில் அந்தக் கதவைத் தாண்டிப் போனேன்? இதைக் கேட்க எனக்கு ஆளில்லை. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்து வாழ்ந்த வாழ்க்கையை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்போது தினமும் காரை உள்ளே விட்டுவிட்டு, வெளியே வந்து சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறேன். கைப்பிடியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். "மாம், யூ ஆர் சோ வியர்ட்," என்கிறாள் மகள்.

மதியம் பலகைக்குப் புதுக் கயிறு கட்டினேன். உங்கள் வீட்டுக்குப் போன மாதம் ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருக்கிறது. பகலெல்லாம் அந்தப் பெண் கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். அவள் வாசலில் பலகையை மாட்டப் போனேன். மாட்டவில்லை. அவளும் கராஜ் வழியாகத்தான் போய்வருகிறாள். மணியை அடித்தேன்.

குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவள் பதறிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"என்னங்க, ஏதாவது ப்ராப்ளமா?"

"ஒண்ணுமில்லம்மா," என்றேன். "இருக்கியான்னு பாக்க வந்தேன்."