மூன்றாம் அத்தியாயத்தில் அவள் போயிருக்க வேண்டும்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம்தான். நீ அந்த இருமலோடு ஊர் சுற்றாமல் இருந்தால் இன்னும் சுகம்.

இத்தனை வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவள், ஒரு நாவல் எழுதிவிட்டேன். சிரிக்காதே. கதாநாயகி தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். அவள் வாயைத் திறந்தாலே கணவன் ரேடியோவைக் கூட்டி வைப்பான். அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். போவதா இருப்பதா என்று கடைசிவரை யோசிக்கிறாள். ஊரார் புத்தகத்தையெல்லாம் பத்திரிகையில் கிழிப்பவன் நீ. சிவப்புப் பேனாவோடு இதையும் படித்து உள்ளதைச் சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அவள் பெட்டியை அடுக்கிவிட்டு, ரேடியோவில் செய்தி முடியட்டும் என்று கதவருகே நிற்கிறாளே, அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். அப்புறம் பெட்டியைப் பிரித்துவிட்டு, சுதந்திரம் என்றால் என்ன, கடமை என்றால் என்ன என்று புத்தகம் முடியும்வரை யோசிக்கிறாள். உன் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கணவனும் நம்பும்படி இல்லை. இப்படிப் பேசாத மனிதன் எங்கே இருக்கிறான்? மூன்றாம் அத்தியாயத்திலேயே அவள் போயிருக்க வேண்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 22

அன்புத் தம்பிக்கு,

அத்தானிடம் சொன்னேன். "ம்" என்றார்.

அவள் போயிருக்க வேண்டும் என்கிறாயே, எதற்காக? கதை நன்றாக இருக்கவா, அவள் நன்றாக இருக்கவா? நாவலுக்கு நல்லது அவளுக்கும் நல்லதாகத்தான் இருக்குமா? வகுப்பில் பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறேன். ஒரே குழப்பம்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான். சாப்பிட வா என்றால், பசி என்றால் என்ன என்று கேட்பாய். கதைக்குள் தத்துவத்தைக் கொண்டுவந்து குழப்பாதே. விமர்சகனாக உறுதியாகச் சொல்கிறேன், அவளைக் கிளப்பிவிடு.

தம்பி

ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

கிளம்பிவிட்டேன். இப்போது கல்லூரிக்குப் பின்தெருவில், மாடியில் ஓர் அறை. செய்தி முடியும்வரை நிற்கவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போ" என்றார் அத்தான், அவ்வளவுதான்.

எனக்கு நானே போ என்று சொன்னபோதெல்லாம் ஒரு எதிர்வாதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கதையைப் பற்றி நீ சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. இங்கே ரேடியோ கிடையாது. ஆனாலும் பேச வாய் வரமாட்டேன் என்கிறது.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

நான் கதையைத்தான் சொன்னேன். சத்தியமாகக் கதையை மட்டும்தான் சொன்னேன்.

உன் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன். நீ பேசும்போது ரேடியோ சத்தம் கூடும். அத்தானுக்குக் காது மந்தம் போல என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த மனிதனைத்தான் நம்பும்படி இல்லை என்று எழுதினேன்.

திரும்பிப் போ என்று சொல்லவும் தெரியவில்லை, போகாதே என்று சொல்லவும் தெரியவில்லை. புத்தகமாக இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேனா கொண்டுவர மாட்டேன். நீ பேசு.

தம்பி